ஈராக் போரும் ராபின் குக்கின் ராஜினாமாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2003 மார்ச் 20 அன்று அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக்கின் மீது படையெடுத்தன. அதற்கு மூன்று நாள் முன்பு பிரிட்டிஷ் அமைச்சரவையின் மூத்தவர்களில் ஒருவரான ராபின் குக், பதவியைத் துறந்துவிட்டு நாடாளுமன்றத்தில் எழுந்து பேசினார். போருக்குப் போகும் முடிவுகளில் வெளிநாட்டுச் செல்வாக்கு பற்றி எப்போது பேச்சு வந்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த உரைதான். இதைப் பற்றி நண்பர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இந்த ராபின் குக்?

ஸ்காட்லாந்துக்காரர். 1946இல் பிறந்தவர். 1974இல் எடின்பரோ நகரத் தொகுதி ஒன்றிலிருந்து தொழிற்கட்சி உறுப்பினராக நாடாளுமன்றத்துக்கு வந்தார். 1997இல் டோனி பிளேயர் ஆட்சியைப் பிடித்தபோது வெளியுறவு அமைச்சரானார். 2001 தேர்தலுக்குப் பிறகு அந்தத் துறையிலிருந்து மாற்றப்பட்டு அவை முன்னவர் ஆனார். நம் சட்டமன்றத்தில் அவை முன்னவர் செய்யும் அதே வேலைதான்: அவையின் அலுவல்களை அரசின் சார்பில் நடத்துவது.

ஈராக் அவருக்குப் புதிய விஷயம் அல்ல. பிரிட்டனிலிருந்து ஈராக்குக்கு ஆயுதத் தொழில்நுட்பம் போன விவகாரத்தை விசாரித்த நீதிபதி ஸ்காட்டின் அறிக்கை 1996இல் வெளிவந்தது. 1,800 பக்கங்களுக்கு மேல். எதிர்க்கட்சி வரிசையில் இருந்த குக்குக்கு அதைப் படிக்கக் கிடைத்தது இரண்டே மணி நேரம். படித்துவிட்டு அவர் நடத்திய தாக்குதலில் கன்சர்வேட்டிவ் அரசு ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், 320க்கு 319 என்று, தப்பியது. ஈராக் அதிபர் சதாம் உசேனுக்கு ஆயுதம் எங்கிருந்து வந்தது என்பதைக் கோப்பு கோப்பாக அறிந்த மனிதர் அவர். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் 2003இல் அவர் பேசியதன் கனம் புரியும்.

அவர் போரே கூடாது என்ற கொள்கைக்காரரா?

இல்லை. 1998 டிசம்பரில் ஈராக்கின் மீது குண்டு வீசப்பட்டபோது வெளியுறவு அமைச்சராக இருந்தவர் அவர்தான். 1999இல் கொசோவோவுக்காக நேட்டோ யுகோஸ்லாவியாவைத் தாக்கியபோது அதை முன்னின்று ஆதரித்தார். தன் ராஜினாமா உரையிலேயே கொசோவோவை எடுத்துக்காட்டினார்: அன்று நேட்டோ நம்மோடு இருந்தது, ஐரோப்பிய ஒன்றியம் இருந்தது, சுற்றியிருந்த ஏழு அண்டை நாடுகளும் இருந்தன, இன்று நம்மோடு யார் இருக்கிறார்கள்? அவர் கேட்டது இதுதான். போரையே ஏற்காத ஒருவர் விலகியிருந்தால் அது அவருடைய கொள்கை என்று கடந்து போயிருப்பார்கள். குக்கை அப்படிக் கடந்து போக முடியவில்லை.

2003 மார்ச் 17 அன்று என்ன நடந்தது?

ஈராக்குக்குக் கடைசி வாய்ப்புத் தரும் 1441ஆம் தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்புச் சபை 2002 நவம்பர் 8 அன்று நிறைவேற்றியிருந்தது. ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையிலான ஆயுத ஆய்வாளர்கள் நவம்பர் இறுதியில் ஈராக்குக்குள் போனார்கள். அமெரிக்காவும் பிரிட்டனும் படை நடத்த வெளிப்படையாக அனுமதி தரும் இரண்டாவது தீர்மானத்துக்கு முயன்றன. ஆதரவு சேரவில்லை. மார்ச் 17 அன்று அந்த முயற்சியைக் கைவிடுவதாக அறிவித்தார்கள்.

அன்று மாலை அமைச்சரவை கூடுவதற்கு முன்பே குக் விலகிவிட்டார். இரவில், முன்னணிப் பொறுப்பு இல்லாத உறுப்பினர்கள் அமரும் பின்வரிசையிலிருந்து பேசினார். இருபது ஆண்டுகளில் பின்வரிசையிலிருந்து அவர் பேசிய முதல் உரை அது. பேசி முடித்ததும் உறுப்பினர்கள் சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். கைதட்டுவது அந்த அவையின் வழக்கமே இல்லை.

அப்படி என்ன பேசினார்?

பத்து நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பேசியிருப்பார். குரலை உயர்த்தவில்லை. பிளேயரைத் தாக்கவில்லை, அவரை இறக்குவதற்கு இந்த நெருக்கடியைப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தன்னிடமிருந்து எந்த ஆறுதலும் கிடைக்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு ஒவ்வொரு நியாயமாக எடுத்துப் பிரித்துப் போட்டார்.

முதலில், இரண்டாவது தீர்மானம். அதைப் பெறப் படாத பாடு பட்டுவிட்டு, கிடைக்கவில்லை என்றானதும் அது தேவையே இல்லை என்று இப்போது சொல்ல முடியாது என்றார். பிரான்ஸ்தான் தடுத்தது என்ற வாதத்தையும் அவர் ஏற்கவில்லை. ஜெர்மனியும் ரஷ்யாவும்கூட ஆய்வுக்கு அவகாசம் கேட்டன. தீர்மானம் நிறைவேறத் தேவையான குறைந்தபட்ச ஆதரவே ஒருநாளும் திரளவில்லை. உலகம் முழுக்க எழுந்த எதிர்ப்பை பிரான்ஸ் அதிபர் சிராக் ஒருவர் தலையில் கட்டுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது என்றார்.

அடுத்து, ஆயுதம். ஒரு நகரத்தின் மீது ஏவக்கூடியது என்ற பொதுவான பொருளில் ஈராக்கிடம் பேரழிவு ஆயுதம் அநேகமாக இல்லை என்று பட்டவர்த்தனமாகச் சொன்னார். நச்சுக் கிருமிகளும் போர்க்களத்தில் வீசும் ரசாயனக் குண்டுகளும் இருக்கலாம். ஆனால் அவை 1980களிலிருந்தே இருப்பவை. அந்தக் கிருமியைச் சதாமுக்கு விற்றவை அமெரிக்க நிறுவனங்கள், ஆலைக்கு அனுமதி கொடுத்தது அன்றைய பிரிட்டிஷ் அரசு. இருபது ஆண்டுகளாக இருக்கும் ஒன்றை, நாமே உருவாக்க உதவிய ஒன்றை, ஒழிக்க இப்போது மட்டும் ஏன் இத்தனை அவசரம் என்று கேட்டார். ஸ்காட் அறிக்கையை இரண்டு மணி நேரத்தில் படித்த மனிதர் இங்கே பேசுகிறார்.

என்னை அதிகம் பாதித்த வாதம் மூன்றாவது. ஈராக்கின் ராணுவம் பலவீனமாக இருப்பதால் போர் சில நாளில் முடிந்துவிடும் என்று ஒரு பக்கம் சொல்கிறீர்கள். இன்னொரு பக்கம், சதாம் பெரிய அச்சுறுத்தல், அவன் அடிப்பதற்கு முன் நாம் அடிக்க வேண்டும் என்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது என்றார். இதற்கு அன்றிரவும் பதில் வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

போருக்கு வெளிநாட்டுச் செல்வாக்குத்தான் காரணம் என்று அவர் சொன்னாரா?

அந்தச் சொற்களில் சொல்லவில்லை. ஆனால் உரையின் நடுநாயகமாக நிற்கும் வாக்கியம் அதைத்தான் சொல்கிறது. கடந்த சில வாரங்களாகத் தன்னை மிகவும் வாட்டுவது ஒரு சந்தேகம் என்றார். புளோரிடாவில் அந்த வாக்குச் சீட்டுகளின் துண்டுகள் வேறு மாதிரி விழுந்து, அல் கோர் அமெரிக்க அதிபர் ஆகியிருந்தால், பிரிட்டிஷ் படையினரை நாம் இப்போது அனுப்பப் போவதில்லை என்பதே அந்தச் சந்தேகம்.

2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் புளோரிடா மாநிலத்தில் அல் கோரை ஜார்ஜ் புஷ் வென்றது 537 வாக்குகளில். அதிபர் யார் என்பதை அந்த மாநிலமே தீர்மானித்தது. அங்கே பல இடங்களில் சீட்டில் துளையிட்டு வாக்களித்தார்கள். துளை முழுதாக விழாமல் துண்டு தொங்கிக்கொண்டிருந்த சீட்டுகளைச் செல்லும் என்பதா, செல்லாது என்பதா என்று பெரிய வழக்கே நடந்தது. குக் கேட்பது இதுதான்: பிரிட்டனின் பாதுகாப்புக்கு ஈராக் உண்மையிலேயே ஆபத்து என்றால், அமெரிக்காவில் யார் அதிபராக இருந்தாலும் அந்த ஆபத்து அப்படியே இருக்க வேண்டும். அமெரிக்க அதிபர் மாறினால் பிரிட்டனின் போரும் மாறிவிடும் என்றால், அந்தப் போரின் காரணம் பிரிட்டனில் இல்லை.

அதே உரையின் முடிவுப் பகுதியில், தனக்கென்று ஒரு திட்டம் வைத்திருக்கும் அமெரிக்க அரசு நம்மை வேகமாகப் போருக்குள் தள்ளுகிறது என்று மக்கள் சந்தேகிக்கிறார்கள் என்றும் சொன்னார். 2003 பிப்ரவரி 15 அன்று லண்டன் தெருக்களில் திரண்ட லட்சக்கணக்கானவர்கள் சொன்னதும் இதையேதான்.

அமெரிக்கா பிரிட்டனை மிரட்டியதா?

இல்லை. இந்த விஷயத்தில் பலருக்கும் தெளிவு இல்லை. மிரட்டல் இருந்ததற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. சொல்லப்போனால், படையெடுப்புக்கு ஒன்பது நாள் முன்பு அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டு, பிரிட்டன் வராவிட்டாலும் அமெரிக்காவால் போரை நடத்த முடியும் என்ற பொருளில் செய்தியாளர்களிடம் பேசினார். வெளியேற வழி திறந்தே இருந்தது. பிளேயர் அந்த வழியில் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதைப் பின்னால் வெளிவந்த ஆவணங்கள் காட்டுகின்றன. 2002 ஜூலை 23 அன்று பிரதமர் இல்லத்தில் நடந்த கூட்டத்தின் குறிப்பு 2005இல் பத்திரிகையில் கசிந்தது. வாஷிங்டன் சென்று திரும்பிய பிரிட்டிஷ் வெளிநாட்டு உளவுத்துறைத் தலைவர், ராணுவ நடவடிக்கை தவிர்க்க முடியாதது என்றே அங்கே பார்க்கிறார்கள், உளவுத் தகவல்களும் உண்மைகளும் கொள்கைக்கு ஏற்றபடி அமைக்கப்படுகின்றன என்று அந்தக் கூட்டத்தில் தெரிவித்ததாக அதில் பதிவாகியிருக்கிறது. ஐந்து நாள் கழித்து, ஜூலை 28 அன்று, பிளேயர் புஷ்ஷுக்குத் தனிப்பட்ட குறிப்பு ஒன்றை அனுப்பினார். அதன் முதல் வரியே, என்ன ஆனாலும் நான் உங்களோடு இருப்பேன் என்பதுதான். அமைச்சரவையிடம் கேட்டு எழுதிய வரி அல்ல அது. போருக்கு எட்டு மாதம் இருந்தது. பிளிக்ஸின் ஆய்வாளர்கள் ஈராக்குக்குள் கால் வைத்திருக்கவே இல்லை.

வெளிநாட்டுச் செல்வாக்கு என்றாலே பணம், ஒற்றர், மிரட்டல் என்று நினைக்கிறோம். இங்கே அப்படி எதுவும் இல்லை. ஒரு நாட்டின் தலைவர் தானாக விரும்பித் தன் நாட்டின் முடிவை இன்னொருவர் கையில் கொடுத்தார். மிரட்டிப் பறித்திருந்தால் எதிர்த்து நிற்கலாம். மனம் உவந்து கொடுத்துவிட்டால் யாரை எதிர்ப்பது? அதனால்தான் இதை நான் இன்னும் மோசமானதாகப் பார்க்கிறேன்.

சட்டப்படி போர் செல்லும் என்று அரசின் வழக்கறிஞர் சொன்னாரே?

சொன்னார். எப்படிச் சொன்னார் என்பதை நாள் வாரியாகப் பார்க்க வேண்டும். எனக்கு இந்தக் கதையின் மிக முக்கியமான பகுதி இதுதான்.

பிரிட்டிஷ் அரசின் தலைமைச் சட்ட ஆலோசகர், அட்டர்னி ஜெனரல், அப்போது கோல்ட்ஸ்மித் பிரபு. 1441ஆம் தீர்மானம் மட்டும் போதாது, பாதுகாப்புச் சபை மறுபடியும் முடிவெடுத்தாக வேண்டும் என்பதே 2003 ஜனவரியில் அவருடைய கருத்து. ஜனவரி 30 அன்று பிளேயருக்கு அப்படியே எழுதினார். அந்தத் தாளின் ஓரத்தில், இது எனக்குப் புரியவே இல்லை என்று பிளேயர் கையால் எழுதியிருப்பது பிறகு வெளியானது.

பிப்ரவரி 10 அன்று கோல்ட்ஸ்மித் வாஷிங்டனுக்குப் போனார். புஷ் அரசின் வழக்கறிஞர்களைச் சந்தித்தார். தீர்மானத்தைப் பேசி முடித்தபோது அமெரிக்கா விட்டுக்கொடுக்கவில்லை, இன்னொரு முடிவு தேவை என்ற நிபந்தனையை ஏற்கவே இல்லை என்று அவர்கள் விளக்கினார்கள். திரும்பி வந்த பிறகு அவர் எழுதிய வரைவில் கருத்து மாறியிருந்தது. மார்ச் 7 அன்று பிளேயருக்குக் கொடுத்த பதின்மூன்று பக்க ஆலோசனையில், இரண்டாவது தீர்மானம் பெறுவதே பாதுகாப்பான வழி, ஆனால் அது இல்லாமலும் நியாயமான ஒரு வாதத்தை முன்வைக்க முடியும் என்றார். பத்து நாள் கழித்து, மார்ச் 17 அன்று, நாடாளுமன்றத்துக்கு அளித்த ஒரு பக்கப் பதிலில் எந்த ஐயமும் இல்லை. போர் சட்டப்படி சரி என்று மட்டும் இருந்தது. பதின்மூன்று பக்கத்தை அமைச்சரவை பார்க்கவில்லை.

ஒரு நாட்டின் சட்ட ஆலோசனை இன்னொரு நாட்டின் வழக்கறிஞர்களோடு பேசிவிட்டு வந்த பிறகு மாறுகிறது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் இந்த வழக்கில் ஒரு தரப்பு. எதிர்த் தரப்பாக நின்ற பிரான்சிடம் போய் யாரும் இதே கேள்வியைக் கேட்கவில்லை.

எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்களே, ஏன்?

அவர் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் துணைச் சட்ட ஆலோசகர். 1974 முதல் அந்தத் துறையில் இருந்தவர். குக் பேசிய மறுநாள், மார்ச் 18 தேதியிட்டுத் தன் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தார். பாதுகாப்புச் சபையின் இரண்டாவது தீர்மானம் இல்லாமல் படை நடத்துவது சட்டப்படி சரி என்பதை ஏற்க முடியவில்லை. இந்த அளவில் சட்டவிரோதமாகப் படையைப் பயன்படுத்துவது ஆக்கிரமிப்புக் குற்றம் ஆகும் என்று எழுதினார். பேட்டி கொடுக்கவில்லை. மேடை ஏறவில்லை. எழுந்து போய்விட்டார்.

இரண்டு ஆண்டு கழித்து, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தக் கடிதம் வெளிவந்தபோது ஒரு பத்தி மறைக்கப்பட்டிருந்தது. தொலைக்காட்சி ஒன்று அந்தப் பத்தியைத் தேடி எடுத்து வெளியிட்டது. தன் கருத்தும், அலுவலகம் தொடர்ந்து சொல்லிவந்த கருத்தும், மார்ச் 7க்கு முன் அட்டர்னி ஜெனரல் தங்களுக்குப் புரியவைத்திருந்த கருத்தும் ஒன்றே என்று அதில் இருந்தது. மார்ச் 7 கடிதத்தின் நிலை இப்போது மறுபடியும் மாறி அரசின் அதிகாரபூர்வ நிலையாகிவிட்டது என்றும் எழுதியிருந்தார். அரசு மறைக்க நினைத்த பத்தி சரியாக இதுதான்.

அவருக்கு மேலே இருந்த தலைமைச் சட்ட ஆலோசகர் மைக்கேல் உட்டும் இதே கருத்துக் கொண்டவர். உங்கள் ஆலோசனையைக் குறித்துக்கொண்டேன், ஆனால் ஏற்கவில்லை என்று வெளியுறவு அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா அவருக்கு எழுத்திலேயே பதில் கொடுத்தார். உட் பதவியில் தொடர்ந்தார். அவரைக் குறை சொல்ல நான் துணியமாட்டேன். ஆலோசனை சொல்வது அவர் வேலை, அதைச் சரியாகவே செய்தார். ஆனால் வில்ம்ஸ்ஹர்ஸ்டைப் போல ஏறத்தாழ முப்பது ஆண்டுப் பணியை ஒரு கடிதத்தில் விட்டுவிட்டுப் போவது என்ன என்பதை, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் எவரும் அறிவார்கள்.

சதாம் கொடுங்கோலன் என்பதை இவர்கள் மறந்துவிட்டார்களா?

மறக்கவில்லை. ஹலப்ஜாவில் 1988இல் குர்து மக்கள் மீது நச்சு வாயு வீசிக் கொன்றவர் சதாம். குக் தன் உரையிலேயே அவரைக் கொடூரமான சர்வாதிகாரி என்று மக்கள் அறிந்திருப்பதாகச் சொன்னார். கேள்வி அதுவல்ல. அவர் பிரிட்டனுக்கு உடனடி ஆபத்தா என்பதுதான் கேள்வி. பத்தாண்டு காலக் கட்டுப்பாடுகளும் ஆய்வுகளும் 1991இன் முதல் வளைகுடாப் போரை விட அதிக ஆயுதங்களை அழித்தன, ஈராக்கின் ராணுவ பலம் அந்தப் போர்க் காலத்தில் இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விட்டது என்று அவர் கணக்குச் சொன்னார்.

உள்ளே இருந்துகொண்டே எதிர்த்திருக்கலாமே?

பிரிட்டிஷ் அமைச்சரவையும் நம்முடையதைப் போலவே கூட்டுப் பொறுப்பில் இயங்குகிறது. அறைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். வெளியே வந்தால் முடிவு எல்லோருடையது. அதைச் சுமக்க முடியாதவர் போய்விட வேண்டும். குக் மாதக்கணக்கில் அறைக்குள் வாதாடிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

சர்வதேச வளர்ச்சித் துறை அமைச்சர் கிளேர் ஷார்ட்டின் அனுபவம் இதற்கு மறுபக்கம். ஐ.நா. அனுமதி இல்லாமல் போர் என்றால் விலகுவேன் என்று அவர் வானொலியில் வெளிப்படையாகச் சொன்னார். ஈராக்கின் மறுசீரமைப்பில் ஐ.நா.வுக்கு இடம் இருக்கும் என்ற உறுதியை நம்பி, போர் தொடங்கியபோது தங்கிவிட்டார். அந்த உறுதி காப்பாற்றப்படவில்லை என்று சொல்லி மே 12 அன்று விலகினார். அதற்குள் பாக்தாத் வீழ்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ராஜினாமாவுக்கு ஒரு வேளை உண்டு. அது தவறினால் அதே செயலுக்கு அந்தப் பலன் இல்லை.

வேறு நாடுகளில் யாராவது விலகினார்களா?

ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ வில்கி. பிரதமருக்கு உளவு மதிப்பீடு தயாரித்துக் கொடுக்கும் அமைப்பில் அதிகாரியாக இருந்தவர், முன்னாள் ராணுவ லெப்டினன்ட் கர்னல். 2003 மார்ச் 11 அன்று விலகினார். ஈராக் அத்தகைய அச்சுறுத்தல் அல்ல. ஆஸ்திரேலியா போருக்குப் போவது அமெரிக்கக் கூட்டணிக்காகவே என்று வெளிப்படையாகச் சொன்னார். உளவுக் கோப்புகளைத் தன் கண்ணால் பார்த்த ஒருவர் போர் தொடங்கும் முன்பே அப்படிச் சொன்னது சாதாரணம் அல்ல. 2010இல் அவர் டாஸ்மேனியாவிலிருந்து சுயேச்சையாக நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அமெரிக்காவிலேயே, ஏதென்ஸ் தூதரகத்தில் இருந்த ஜான் பிரேடி கீஸ்லிங்கும் மங்கோலியத் தூதரகத்தின் இரண்டாம் நிலையில் இருந்த ஆன் ரைட்டும் போரை எதிர்த்துப் பதவி விலகினார்கள்.

பிரிட்டனில் இதற்கு முன் இப்படி நடந்திருக்கிறதா?

1956, சூயஸ். எகிப்தின் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். அக்டோபர் கடைசியில் பாரிஸ் அருகே செவ்ர் என்ற இடத்தில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் ரகசியமாகக் கூடி ஓர் உடன்பாடு எழுதின. இஸ்ரேல் எகிப்தைத் தாக்கும். இருவரையும் விலக்கிவிட வந்ததைப் போல பிரிட்டனும் பிரான்சும் படையோடு நுழையும். வெளியுறவுத் துறை இணையமைச்சர் அந்தோணி நட்டிங்குக்கு இது தெரிந்திருந்தது. பிரதமர் ஈடனின் நெருங்கிய சீடர் அவர். அவரால் இதைத் தாங்க முடியவில்லை, விலகினார். ஆனால் நாட்டு நலனைக் கருதி அவையில் விளக்க உரை நிகழ்த்தவில்லை. தனக்குத் தெரிந்ததை முழுதாக வெளியிட்டது 1967இல். இதற்கிடையில், இஸ்ரேல் தாக்கப்போவது முன்கூட்டித் தெரியாது என்று ஈடன் நாடாளுமன்றத்தில் நின்றுகொண்டே சொன்னார்.

நட்டிங் 1956இல் மௌனமாக இருந்ததையும் குக் 2003இல் அதே அவையில் எழுந்து பேசியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

குக் விலகியதால் போர் நின்றதா?

நிற்கவில்லை. மார்ச் 18 இரவு, போருக்கான நியாயம் இன்னும் நிறுவப்படவில்லை என்ற திருத்தத்துக்கு 217 வாக்குகள் கிடைத்தன, எதிராக 396. அந்த 217 பேரில் 139 பேர் ஆளும் தொழிற்கட்சியினர். சொந்தக் கட்சியின் கொறடாவை மீறி இத்தனை பேர் வாக்களித்தது அரிதினும் அரிது. ஆனாலும் அரசின் தீர்மானம் 412க்கு 149 என்று நிறைவேறியது. கன்சர்வேட்டிவ் கட்சியின் பெரும்பகுதி பிளேயரோடு நின்றது. உள்துறை இணையமைச்சர் ஜான் டென்ஹாமும் சுகாதாரத் துறையின் ஹன்ட் பிரபுவும் விலகினார்கள். இரண்டு நாளில் குண்டு விழத் தொடங்கியது.

அவர் சொன்னது சரியாக இருந்ததா?

பேரழிவு ஆயுதக் கையிருப்பு எதுவும் கிடைக்கவில்லை. அமெரிக்கா தலைமையில் தேடிய குழுவே 2004 அக்டோபரில் அப்படி அறிக்கை கொடுத்தது. ஈராக்கால் பேரழிவு ஆயுதங்களை 45 நிமிடத்தில் ஏவ முடியும் என்று 2002 செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட ஆவணம் என்றென்றைக்கும் தீராத அவப்பெயர் ஆயிற்று. ஈராக்கில் 179 பிரிட்டிஷ் படையினர் இறந்தார்கள். ஈராக்கியர்கள் லட்சக்கணக்கில் மாண்டார்கள்.

சர் ஜான் சில்காட் தலைமையிலான விசாரணைக் குழு ஏழு ஆண்டு உழைத்து 2016 ஜூலை 6 அன்று அறிக்கை கொடுத்தது. சுமார் 26 லட்சம் சொற்கள். அமைதியான வழிகள் தீர்ந்துபோகும் முன்பே பிரிட்டன் படையெடுப்பில் சேர்ந்தது, அந்த நேரத்தில் போர் கடைசி வழியாக இருக்கவில்லை என்றது. அமெரிக்காவின் முடிவுகளைத் தன்னால் மாற்ற முடியும் என்ற நம்பிக்கை பிளேயருக்கு அளவுக்கு மீறி இருந்தது என்றும் சொன்னது. 2003 மார்ச்சில் குக் பத்து நிமிடத்தில் சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரகசிய ஆவணங்கள் அனைத்தையும் புரட்டிப் பார்த்த பிறகும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

பிளேயர் தரப்பில் நியாயமே இல்லையா?

உண்டு. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு, பயங்கரவாதிகள் கையில் இத்தகைய ஆயுதம் கிடைத்தால் என்ன ஆகும் என்ற அச்சம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. அமெரிக்காவைத் தனியே விட்டுவிட்டால் அது இன்னும் கட்டுப்பாடின்றிப் போகும், பக்கத்தில் இருந்தால் கையைப் பிடித்து நிறுத்தலாம் என்று கருதினார். 2002 செப்டம்பரில் புஷ் ஐ.நா.வுக்குப் போனதில் பிளேயருக்குப் பங்கு உண்டு. அது சிறிய சாதனை அல்ல.

ஆனால் கூடவே நிற்பேன், என்ன ஆனாலும் நிற்பேன் என்று எழுதிக் கொடுத்த பிறகு கையைப் பிடித்து நிறுத்துவது எப்படி? விலகிவிடுவேன் என்று சொல்லக்கூடியவன் பேச்சுக்குத்தான் எதிரில் இருப்பவன் காது கொடுப்பான். பிளேயர் அந்த ஒரு பிடியைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டார்.

நட்பு நாட்டோடு சேர்ந்து போவதை வெளிநாட்டுச் செல்வாக்கு என்று சொல்லலாமா? நட்பு முறிந்துபோகாதா?

சேர்ந்து போவதில் தவறில்லை. இரண்டு நாடுகளும் தனித்தனியே யோசித்து ஒரே முடிவுக்கு வந்தால் அது கூட்டணி. ஒரு நாடு முடிவெடுத்துவிட, மற்ற நாடு அந்த முடிவுக்குக் காரணம் தேடினால், அதற்கு வேறு பெயர் வேண்டும். புளோரிடாவைப் பற்றி குக் சொன்ன சோதனை இங்கேதான் உதவுகிறது: அங்கே ஆள் மாறியிருந்தால் நாம் இந்தப் போருக்குப் போயிருப்போமா?

நட்பு முறியும் என்ற பயத்துக்கும் வரலாற்றில் பதில் இருக்கிறது. 1960களில் வியட்நாமுக்குப் படை அனுப்பச் சொல்லி அமெரிக்கா பிரிட்டனை நெருக்கியது. ஹரோல்டு வில்சன் அனுப்பவில்லை. அவரும் தொழிற்கட்சிப் பிரதமர்தான். உறவில் கசப்பு வந்தது, உறவு முறியவில்லை. சில்காட் அறிக்கையும் இதையே சொல்கிறது: நேர்மையான கருத்து வேறுபாட்டின் பாரத்தைத் தாங்கும் வலு அந்த உறவுக்கு உண்டு, நம் நலனும் கணிப்பும் வேறாக இருக்கும் இடத்தில் நிபந்தனையற்ற ஆதரவு அதற்குத் தேவையில்லை.

பதவி விலகிய பிறகு குக் என்ன செய்தார்?

நாடாளுமன்ற உறுப்பினராகத் தொடர்ந்தார், எழுதினார், பேசினார். கட்சியை விட்டுப் போகவில்லை. 2005 ஆகஸ்ட் 6 அன்று ஸ்காட்லாந்தின் வடக்கே பென் ஸ்டாக் மலையில் மனைவியோடு நடந்துகொண்டிருந்தபோது மயங்கி விழுந்து இறந்தார். வயது 59. சில்காட் அறிக்கையை அவர் பார்க்கவில்லை.

எடின்பரோவில் அவர் கல்லறைக் கல்லில் அவர் சொற்களையே பொறித்திருக்கிறார்கள்: போரை நிறுத்துவதில் நான் வெற்றி பெறாமல் இருந்திருக்கலாம், ஆனால் போரைத் தீர்மானிக்கும் உரிமையை நாடாளுமன்றத்துக்குப் பெற்றுக் கொடுத்தேன்.

அந்த உரிமை இன்று சட்டமாக இருக்கிறதா?

இல்லை. பிரிட்டனில் போர் தொடுக்கும் அதிகாரம் மன்னரின் பெயரால் அரசிடமே இருக்கிறது. போருக்கு முன் அவையில் வாக்கெடுப்பு நடத்துவது 2003இல் தொடங்கிய மரபு மட்டும்தான். அந்த மரபு ஒருமுறை உண்மையாகவே வேலை செய்தது: 2013 ஆகஸ்ட் 29 அன்று சிரியாவைத் தாக்க அனுமதி கேட்ட அரசு 272க்கு 285 என்று தோற்றது; பிரதமர் கேமரூன் அந்தத் தாக்குதலைக் கைவிட்டார். 2018 ஏப்ரலில் சிரியாவையும், 2024 ஜனவரியில் ஏமனையும் தாக்கியபோது முன்கூட்டி வாக்கெடுப்பு நடக்கவில்லை. இரண்டு முறையும் பிரிட்டன் அமெரிக்காவோடு சேர்ந்தே தாக்கியது.